கார் என் பெயரில்

எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. ஆனால் எங்கள் வீட்டுக் காரின் ஆர்.சி. புத்தகத்தில் உரிமையாளர் என்று இருப்பது என் பெயர்தான். வாங்கும்போது என் கணவர் மஸ்கட்டில் இருந்தார். கடன் கொடுக்க வங்கியில் உள்ளூர்ச் சம்பளச் சான்று கேட்டார்கள். எனக்கு அரசு உதவி பெறும் பள்ளியில் ஆசிரியர் வேலை. அதனால் கடனும் என் பெயரில், காரும் என் பெயரில். அவர் வருஷத்துக்கு ஒரு முறை விடுப்பில் வரும்போது ஒரு மாதம் ஓட்டுவார். மற்ற பதினோரு மாதமும் அது உறையூரில் எங்கள் வீட்டின் பக்கவாட்டில், சாம்பல் நிற உறைக்குள் நிற்கும். பேட்டரி இறங்கிவிடக் கூடாது என்று ஞாயிற்றுக்கிழமைகளில் ஓர் ஆக்டிங் டிரைவர் வந்து, ஸ்டார்ட் செய்து, ஒரு சுற்றுப் போய்விட்டு வந்து நிறுத்துவார். எங்கேயாவது வெளியூர் போக வேண்டுமென்றாலும் அவரைத்தான் கூப்பிடுவோம். ஐம்பது வயதிருக்கும், அதிகம் பேசாத மனிதர்.

வீட்டில் நானும் என் மாமியாரும் மட்டும். மகள் கோயம்புத்தூரில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். மாமியாரை நான் அத்தை என்றுதான் கூப்பிடுவேன். அவர் கிராம சுகாதார நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். லால்குடியைச் சுற்றியுள்ள ஊர்களுக்கு முப்பது வருஷம் மொபெட்டில் போய் தடுப்பூசி போட்டவர். மாமா இறந்து வெகுகாலம் ஆகிறது.

ஜனவரிக் கடைசியில் ஒரு சனிக்கிழமை மதியம் கூரியரில் ஒரு கவர் வந்தது. நான்தான் கையெழுத்துப் போட்டு வாங்கினேன். ஸ்ரீரங்கத்தில் கார்கள் நிறுத்த இடம் நடத்தும் ஒரு தனியார் நிறுவனத்திலிருந்து வந்திருந்தது. டிசம்பரில் ஒரு சனிக்கிழமை, காலை பத்தேகாலுக்கு என் வாகனம் அவர்கள் இடத்துக்குள் வந்ததாம். இரவு ஏழரைக்குப் பிறகு, டோக்கனைக் கொடுக்காமல், பணம் கட்டாமல், ‘தப்பிச் சென்றதாம்’. வாகனத்தின் பதிவு பெற்ற உரிமையாளர் என்ற முறையில் நான் இரண்டாயிரத்து அறுநூறு ரூபாய் பதினைந்து நாட்களுக்குள் கட்ட வேண்டும், தவறினால் சட்டப்படி நடவடிக்கை எடுப்பார்கள். கூடவே ஒரு கலர் படம்.

வேறு யாரோ எங்கள் நம்பரைப் போட்டுக்கொண்டு திரிகிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். படத்தைப் பார்த்ததும் அந்த நினைப்பு போய்விட்டது. பின் கண்ணாடியில் ஓரம் கிழிந்த வேளாங்கண்ணி மாதா ஸ்டிக்கர் தெரிந்தது. அதைக் கோணலாக ஒட்டியவளே நான்தான். வண்டி எங்களுடையதுதான்.

அந்தச் சனிக்கிழமை எனக்கு நன்றாக நினைவிருந்தது. காலையிலிருந்து மாலைவரை ஆசிரியர் பயிற்சி. அது முடிந்து பள்ளியில் கூட வேலை பார்க்கும் டீச்சர் ஒருவரோடு மலைக்கோட்டைக் கடைவீதியில் கிறிஸ்துமஸுக்குத் துணி எடுக்க அலைந்துவிட்டு, வீட்டுக்கு வரும்போது எட்டரை ஆகிவிட்டது. கார் உறைக்குள் இருந்தது. அத்தை தலைவலி என்று படுத்திருந்தார்.

கடிதத்தை உரக்கப் படித்தேன். அத்தை அடுப்படியிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டே வந்து நின்றார்.

“எவ்வளவு கேக்கிறாங்க?”

“ரெண்டாயிரத்து அறுநூறு.”

“அநியாயமா இருக்கே.” கடிதத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, “கட்டித் தொலைச்சிரலாம்மா. என் பென்ஷன்ல நான் தரேன்” என்றார்.

“நாம எதுக்கு அத்தை கட்டணும்? நான் வண்டியைத் தொடவே இல்லை. யாரு எடுத்தாங்கன்னு கண்டுபிடிக்கிறேன் பாருங்க.”

அவர் ஏதோ சொல்ல வந்ததுபோல இருந்தது. நான் அதற்குள் போனைக் கையில் எடுத்துவிட்டேன்.

யார் எடுத்திருக்க முடியும்? சாவி ஹாலில் ஆணியில் தொங்கும். அதைத் தொடுகிறவர் டிரைவர் ஒருவர்தான். எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை. அவரைக் கூப்பிட்டேன். நேரடியாகக் கேட்கக் கூடாது என்ற அறிவுகூட அந்த நேரத்தில் இல்லை.

“அண்ணே, கிறிஸ்துமஸுக்கு முந்தின சனிக்கிழமை நம்ம வண்டிய எடுத்துக்கிட்டு ஸ்ரீரங்கம் போனீங்களா?”

“இல்லீங்களே டீச்சர். சனிக்கிழமை நான் எடுக்கிறதே இல்லையே.”

“வேற யாருக்காவது வாடகைக்கு ஓட்டினீங்களா? போட்டோ இருக்கு என்கிட்ட.”

அவர் நிதானமாகச் சொன்னார். “டீச்சர், நீங்க சொல்ற அன்னைக்கு நான் வேற ஒரு வீட்டு வண்டியில வேளாங்கண்ணி போயிருந்தேன். வேணும்னா அவங்க நம்பர் தரேன், கேட்டுக்குங்க. நாலு வருஷமா உங்க வண்டிச் சாவி என் கையில இருந்திருக்கு. சொல்லாம ஒரு நாள் எடுத்ததில்லை.”

“சரி, விசாரிக்கத்தான் கேட்டேன்” என்று வைத்துவிட்டேன். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. அவர் வரவில்லை.

அன்று இரவு என் கணவர் போனில் பேசும்போது விஷயத்தைச் சொன்னேன். “கட்டிட்டு விடு” என்றார். “இதுக்காக அலைஞ்சா ஆட்டோக்காசே அவ்வளவு ஆகும்.” அவர் எல்லாவற்றுக்கும் அப்படித்தான் சொல்வார். தொலைவில் இருப்பவருக்குக் கட்டிவிட்டு விடுவது எளிது. எனக்கு அது முடியாது. நான் செய்யாத ஒன்றுக்கு என் பெயரைப் போட்டுக் கடிதம் அனுப்பியிருக்கிறார்கள் என்பது சாப்பிடும்போதும் உறுத்தியது.

திங்கட்கிழமை பள்ளியில், துணி எடுக்க என்னோடு வந்த அந்த டீச்சரிடம் கடிதத்தைக் காட்டினேன். அவர் கணவர் வக்கீல். மதியமே அவரிடம் கேட்டுவிட்டு வந்து சொன்னார்.

“இது அபராதமே இல்லையாம்டி. வெறும் பில். போலீஸ் போடுற ஃபைன்னா ஓனர் பேருக்குத்தான் வரும், நீதான் பதில் சொல்லணும். இது தனியார் இடம். டோக்கன வாங்கிக்கிட்டு வண்டிய நிறுத்தினவங்களுக்கும் அவங்களுக்கும் உள்ள ஒப்பந்தம். நீ நிறுத்தலைன்னா நீ எதுக்குக் குடுக்கணும்? யாரு ஓட்டுனாங்கன்னு காமிக்க வேண்டியது அவங்க வேலைன்னு எழுதச் சொன்னாரு.”

‘யார் ஓட்டினார்கள் என்று காட்ட வேண்டியது அவர்கள் வேலை’ என்ற வாக்கியம் எனக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. அன்று சாயங்காலமே பஸ் பிடித்து ஸ்ரீரங்கம் போனேன்.

கோயிலுக்குப் போகும் தெருக்களில் ஒன்றில், முன்பு தென்னந்தோப்பாக இருந்த இடம் அது. சுற்றிலும் தகர வேலி, நுழைவதற்கு ஒரு கேட், வெளியேறுவதற்கு ஒரு கேட், நடுவில் ஏ.சி. போட்ட சின்ன அறை. மேனேஜர் நெற்றியில் திருமண் இட்டிருந்தார். கடிதத்தை வாங்கிப் பார்த்துவிட்டுக் கம்ப்யூட்டரில் நம்பரைத் தட்டினார்.

“ஆமாம் மேடம். ஒம்பதரை மணி நேரம் வண்டி இங்க இருந்திருக்கு. பணம் கட்டாம போயிருக்கு.”

“வண்டிய ஓட்டினது நான் இல்லை. எனக்கு ஓட்டவே தெரியாது. லைசென்ஸே கிடையாது.”

“ஓனர் நீங்கதானே?”

“ஓனர் நான்தான்.”

“அப்புறம் என்ன மேடம்? எங்களுக்கு நம்பர்தான் தெரியும். நம்பருக்கு உங்க பேருதான் வருது.”

“பேரு வரும், சரி. என் வீட்டு விலாசம் உங்களுக்கு எப்படிக் கிடைச்சது?”

அவர் முதல் முறையாக என்னை நிமிர்ந்து பார்த்தார். “அதெல்லாம் ஆபீஸ்ல பாத்துக்கறாங்க மேடம். ஆர்.டி.ஓ. பக்கத்துல ஏஜெண்டு யாரோ இருக்காரு.”

அதைக் குறித்துக்கொண்டேன். கேமராப் பதிவைக் காட்டச் சொன்னேன். மேலிடத்து அனுமதி வேண்டும் என்றார். “எழுதிக் குடுங்க, அனுப்பி வைக்கிறேன்.”

எழுதினேன். இரண்டு பக்கம், தமிழில், பிழை இல்லாமல். வாகனத்தை நான் ஓட்டவில்லை, உங்களோடு எந்த ஒப்பந்தமும் செய்யவில்லை, பதிவில் என் பெயர் இருப்பது மட்டுமே என்னைக் கடனாளி ஆக்காது, ஓட்டியவர் யார் என்பதை நீங்கள்தான் நிறுவ வேண்டும், என் விலாசத்தை எந்த அதிகாரத்தில் பெற்றீர்கள் என்பதையும் தெரிவிக்க வேண்டும் என்று எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். நகலை அத்தையிடம் படித்துக் காட்டினேன். கேட்டுக்கொண்டிருந்தவர், “ஓட்டினது யாருன்னு அவங்களுக்குத் தெரிஞ்சா என்ன பண்ணுவாங்க?” என்று கேட்டார்.

“அவங்ககிட்ட வசூல் பண்ணட்டும். நமக்கென்ன?”

அந்த வாரம் முழுக்க அத்தை சரியாகச் சாப்பிடவில்லை என்பதை நான் கவனித்தேன். காரணம் கேட்கத் தோன்றவில்லை. நான் அந்தக் கடிதத்திலேயே குடியிருந்தேன்.

பத்து நாள் கழித்து மேனேஜரே போன் செய்தார். வந்து பதிவைப் பார்த்துக்கொள்ளலாம் என்றார். அவர் குரலில் ஒரு தெம்பு இருந்தது. பார்த்துவிட்டால் நான் அடங்கிவிடுவேன் என்று நினைத்திருக்க வேண்டும்.

இரண்டாவது முறை போனபோது அறையில் நாற்காலி போட்டு உட்காரவைத்தார்கள். முதலில் உள்ளே வரும் கேட். எங்கள் கார் மெதுவாக, மிக மெதுவாக வருகிறது. முன் கண்ணாடியில் காலை வெயில் பட்டு வெள்ளையாகத் தெரிகிறது. உள்ளே யார் என்று தெரியவில்லை. ஜன்னலுக்குள் ஒரு கை டோக்கனை நீட்டுகிறது, வண்டி நகர்கிறது.

பிறகு வெளியே போகும் கேட். இருட்டிவிட்டது. வேன்களும் கார்களுமாகப் பெரிய வரிசை. மார்கழி மாதம், சிவப்புச் சேலைக் கூட்டமும் மாலை போட்டவர்கள் கூட்டமும் ஊருக்குத் திரும்பும் நேரம். எங்கள் கார் கேட்டுக்கு வந்து நிற்கிறது. ஓட்டுநர் பக்கத்து ஜன்னலிலிருந்து ஒரு கை வெளியே வருகிறது. விரல்களுக்கு நடுவே ஒரு வெள்ளைக் காகிதம். காவலாளி அதை வாங்கவில்லை. பின்னால் வரிசை நிற்பதைப் பார்த்து, கையிலிருந்த விளக்குக் குச்சியை ஆட்டி, போ போ என்கிறார். கை இன்னும் நீட்டியபடியே இருக்கிறது. அவர் மறுபடி குச்சியை ஆட்டுகிறார். கை உள்ளே போகிறது, கார் போகிறது.

“இன்னொரு தடவை போடுங்க” என்றேன்.

போட்டார். கை வெளியே வந்தபோது நிறுத்தச் சொன்னேன். மணிக்கட்டில் வாட்ச் இருந்தது. டயல் புறங்கைப் பக்கம் இல்லை. உள்பக்கமாகத் திருப்பிக் கட்டியிருந்தது.

நோயாளியின் கையைப் பிடித்து நாடி பார்க்கும்போது, கையைத் திருப்பாமல் மணி பார்க்க வசதியாக வாட்சை அப்படிக் கட்டுவார்கள் என்று கல்யாணமான புதிதில் அத்தை எனக்குச் சொல்லியிருக்கிறார். ஓய்வு பெற்ற பிறகும் அவர் மாற்றிக் கட்டியதில்லை.

மேனேஜர் ஏதோ கேட்டார். இரண்டாம் முறை கேட்டபோதுதான் காதில் விழுந்தது.

“யாருன்னு தெரியுதா மேடம்?”

தெரியாது என்று சொன்னால் பொய். பொய் சொல்ல வேண்டிய தேவையும் இல்லை என்பது நல்லவேளையாக அப்போது நினைவுக்கு வந்தது. வக்கீலின் வாக்கியம் கைகொடுத்தது.

“அதை நான் சொல்லணும்னு கட்டாயம் இல்லீங்க. ஆனா நீங்க ஒண்ணு பாருங்க. அந்தக் கையில இருக்கிறது என்ன?”

அவர் திரையருகே குனிந்தார்.

“டோக்கன்” என்றேன். “குடுக்கிறாங்க. உங்க ஆளு வாங்கலை. போ போங்கிறாரு. பணம் கட்டத்தான் நிறுத்தியிருக்காங்க. தப்பிச்சுப் போனதா எழுதியிருக்கீங்களே, தப்பிக்கிறவங்க கேட்ல நின்னு கையை நீட்டுவாங்களா?”

மேனேஜர் அந்தத் துண்டை மூன்றாம் முறை தானாகவே ஓட்டிப் பார்த்தார். “கூட்ட நாள்ல இப்படித்தான் மேடம். பசங்க பதறிடறாங்க” என்று சொல்லிவிட்டு, “நான் மேல எழுதறேன்” என்றார்.

ஜெயித்துவிட்டேன் என்று தெரிந்தது. சந்தோஷம் வரவில்லை. பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. பாலத்தில் வண்டி ஊர்ந்தது. ஒருவர் மொபைலில் உரக்கப் பேசிக்கொண்டு வந்தார். எனக்கு முதலில் வந்தது பயம். எங்கேயாவது இடித்திருந்தால்? யார்மேலாவது ஏற்றியிருந்தால்? வழக்கு என் பெயரில் அல்லவா வந்திருக்கும்? அது போய்க் கோபம் வந்தது. டிரைவரிடம் நான் கேட்டதெல்லாம் அத்தை காதில் விழுந்தது. பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டுதான் இருந்தார்.

வீட்டுக்குப் போனதும் செருப்பைக்கூடக் கழற்றாமல் கேட்டேன். “அத்தை, ஸ்ரீரங்கத்துக்கு வண்டிய எடுத்துக்கிட்டுப் போனது நீங்களா?”

கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். முறத்தைக் கீழே வைத்தார். “ஆமாம்மா.”

“உங்களுக்கு எப்ப ஓட்டத் தெரியும்?”

எழுந்துபோய்த் தன் ஜெபப் புத்தகத்தை எடுத்துவந்தார். அதிலிருந்து ஓட்டுநர் உரிமத்தை எடுத்துக் காட்டினார். அதே புத்தகத்தில் அந்த வெள்ளை டோக்கனும் இருந்தது. ஆறு மாதமாகக் காலைப் பூசைக்கு என்று போனவர், பூசை முடிந்து பக்கத்துத் தெருவில் பெண்களுக்கென்று நடக்கும் டிரைவிங் ஸ்கூலுக்கும் போயிருக்கிறார்.

“பூசைக்குப் போறேன்னுதானே சொன்னீங்க?”

“பூசைக்கும் போனேன். அதுல பொய் இல்லை.”

“ஏன் என்கிட்ட சொல்லலை?”

“சொன்னா நீ வேணாம்னு சொல்லியிருப்பே.”

வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பேன். அறுபத்தோரு வயதில் எதற்கு என்று கேட்டிருப்பேன்.

“முப்பது வருஷம் நானா வண்டி எடுத்துக்கிட்டு நினைச்ச இடத்துக்குப் போனவ. மழையில, வாய்க்கா ரோட்டுல, எல்லாத்துலயும். இப்ப கடைக்குப் போகணும்னாலும் ஒருத்தரைக் கூப்பிட்டுட்டுக் காத்துக்கிட்டு உக்காந்திருக்கணும். வண்டி என்னமோ வாசல்லயே நிக்குது” என்றார். அழவில்லை. குற்றம் சாட்டும் குரலும் இல்லை. ஊசி போட்ட கணக்கைச் சொல்வதுபோலச் சொன்னார்.

அன்று நடந்ததையும் அப்படியே சொன்னார். மெயின்கார்டு கேட் வரை போய்க் கிறிஸ்துமஸ் குடில் ஜோடனைக்குக் காகிதமும் ஒரு நட்சத்திரமும் வாங்கிவருவதுதான் திட்டம். அண்ணா சிலை வரை ஒன்றும் பிரச்சினை இல்லை. அங்கே வலது பக்கம் ஒடிக்க வேண்டும். எதிரே வண்டிகள் விடாமல் வருகின்றன, பின்னால் ஒரு பஸ் ஹாரனை ஓயாமல் அடிக்கிறது. இடது பக்கம் காலியாக இருந்தது. திரும்பிவிட்டார். அது காவிரிப் பாலம்.

“பாலத்துல ஏறினா நடுவுல திரும்ப முடியுமா? இறங்கினப்புறமும் வலது பக்கம் போக எனக்குத் தைரியம் வரல. இடது பக்கமாவே போய்க்கிட்டு இருந்தேன். ஒரே ஜனம். ஒருத்தன் விசில் அடிச்சு உள்ள போங்கன்னு கை காமிச்சான். போயிட்டேன்.”

உள்ளே போய் நேராக நிறுத்திவிட்டார். அரை மணி நேரத்தில் இரண்டு பக்கமும் பின்னாலும் வேன்கள். வெளியே வர ரிவர்ஸ் எடுக்க வேண்டும். இடைவெளியோ ஒரு ஆள் நுழையும் அளவுதான். ரிவர்ஸ் அவருக்கு அப்போது சரியாக வராது. வேன்கள் போகட்டும் என்று உட்கார்ந்தார். ஒரு வேன் போனால் இன்னொன்று அந்த இடத்துக்கு வந்தது. மதியம் பக்கத்தில் ஒரு கடையில் தயிர்சாதம் வாங்கிச் சாப்பிட்டார். இரண்டு முறை முழு ஜெபமாலை சொன்னார். அங்கே வேலை செய்த ஒருவர், “நான் எடுத்துத் தரட்டுமாம்மா?” என்று கேட்டிருக்கிறார்.

“அப்பவாவது குடுத்திருக்கலாமே?”

“வண்டி உன் பேர்ல இருக்கு. முன்ன பின்ன தெரியாதவங்ககிட்ட எப்படிச் சாவியக் குடுக்கிறது?”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கோபத்தோடு வந்த சிரிப்பு. அதை அடக்கிக்கொண்டேன். திரும்பி வரும்போது இருட்டில் ஓட்டியது அதுதான் முதல் தடவையாம். உறையூர் வழியாகப் போகும் ஒரு டவுன் பஸ்ஸைப் பிடித்துக்கொண்டு அதன் பின்னாலேயே வந்திருக்கிறார். அது ஸ்டாப்பில் நின்றபோதெல்லாம் இவரும் நின்றாராம்.

“டிரைவர் அண்ணன நான் திருடனைக் கேக்கிற மாதிரி கேட்டேனே அத்தை. நீங்க இங்கதானே நின்னுக்கிட்டு இருந்தீங்க? அப்ப ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?”

அதற்குத்தான் அவர் முகம் மாறியது. “அது தப்புதான். வாய் வரல. மறுநாள் பூசை முடிஞ்சு அவர் வீட்டுக்குப் போய்ச் சொல்லிட்டேன். மன்னிப்பும் கேட்டேன். உன்கிட்ட சொல்றதுக்குத்தான் தினமும் பாத்தேன். நீ லெட்டர், லெட்டர்னு நின்னே.”

இரண்டு நாள் நான் அவரோடு தேவைக்கு மேல் பேசவில்லை. மூன்றாம் நாள் டிரைவரைக் கூப்பிட்டேன். “அண்ணே, நான் கேட்டது தப்பு. மனசுல வச்சுக்காதீங்க” என்றேன்.

“பெரியம்மா மறுநாளே வந்து சொல்லிட்டாங்க டீச்சர்.”

“அப்புறம் ஏன் என்கிட்ட நீங்க சொல்லலை?”

“அவங்களே சொல்றேன்னாங்க. நான் நடுவுல வரக் கூடாதில்லையா?”

சரிதான். அவருக்கு இருந்த பொறுமை எனக்கு இருக்கவில்லை.

மார்ச் முதல் வாரத்தில் நிறுவனத்திலிருந்து பதில் வந்தது. நல்லெண்ண அடிப்படையில் கட்டணம் முழுவதையும் தள்ளுபடி செய்வதாக ஒரே ஒரு பத்தி. என்னிடம் கேட்டது தவறு என்று எங்கேயும் இல்லை. காவலாளி டோக்கனை வாங்காததைப் பற்றியும், என் விலாசத்தைப் பற்றியும் ஒரு சொல் இல்லை. எனக்கு நல்லெண்ணம் வேண்டியிருக்கவில்லை. விலாசத்தைப் பற்றி மறுபடி எழுதிக் கேட்டேன். இன்றுவரை பதில் இல்லை.

கட்டண விஷயம் எனக்கு இத்தோடு முடிந்தது, அத்தைக்கு முடியவில்லை. “அபராதம் அநியாயம், சரி. ஆனா நிறுத்தினது நிறுத்தினதுதானே? ஒம்பதரை மணி நேரம் அவங்க இடத்துல இருந்தேன். அதுக்கு உள்ளதைக் குடுத்துடணும்” என்றார். தள்ளுபடிதான் ஆகிவிட்டதே என்று சொல்லிப் பார்த்தேன். கேட்கவில்லை. ஒரு சனிக்கிழமை இருவரும் பஸ்ஸில் போனோம். காரில் போகலாமா என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

மேனேஜர் என்னைப் பார்த்ததும் எழுந்தே விட்டார். இன்னொரு சண்டைக்கு வந்திருக்கிறேன் என்று நினைத்தார் போல. அத்தை டோக்கனை மேஜைமேல் வைத்தார்.

“அன்னைக்கு வாங்காம போகச் சொல்லிட்டாங்க. இதுக்கு என்ன ஆகுமோ அதை எடுத்துக்குங்க.”

அவர் டோக்கனைப் பார்த்தார், அத்தையைப் பார்த்தார். “ஓட்டினது நீங்களாம்மா?”

“நான்தான்.”

“அதைத் தள்ளுபடி பண்ணியாச்சேம்மா. கணக்கு மூடியாச்சு. இனிமே வாங்க வழியில்லை.”

“அப்ப அந்தக் காவல்காரர்? அவருக்கு ஒண்ணும் பிரச்சினை இல்லையே?”

எனக்கு அந்தக் கேள்வி தோன்றியதே இல்லை. வேலை போகவில்லை, ஒரு நாள் சம்பளம் பிடித்தார்கள் என்றார் மேனேஜர். அத்தை அவர் எங்கே இருக்கிறார் என்று கேட்டார். வெளி கேட்டில்தான் நின்றுகொண்டிருந்தார். கொண்டுவந்திருந்த பணத்தை அத்தை அவர் கையில் கொடுத்தார். அவருக்கு எதற்கு என்றே புரியவில்லை. சொன்ன பிறகும் புரிந்ததாகத் தெரியவில்லை. வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அடுத்த வண்டிக்குக் குச்சியை ஆட்டப் போய்விட்டார்.

ஓட்டியவர் யாரென்று தெரிந்துவிட்டது என்று என் கணவரிடம் அந்த வாரம்தான் சொன்னேன். “யாரு?” என்று கேட்டார். “உங்க அம்மா.” “யாரு, அம்மாவா?” என்று மூன்று முறை கேட்டார். பிறகு அம்மாவிடம் போனைக் கொடுக்கச் சொன்னார். அரை மணி நேரம் பேசினார்கள். அத்தை பேசி முடித்துவிட்டு வந்தபோது, “என்ன அத்தை சொன்னாரு?” என்று கேட்டேன். “கிளட்ச்ல கால வச்சுக்கிட்டே ஓட்டாதேங்கிறான். நான் வச்சுக்கிட்டா ஓட்டுறேன்?” என்று சலித்துக்கொண்டார்.

நான் ஒன்றே ஒன்று கேட்டுக்கொண்டேன். வண்டியை எடுக்கும் முன் சொல்லிவிட்டு எடுங்கள். சரி என்றார். அதை இதுவரை மீறவில்லை. இன்சூரன்ஸ் புதுப்பிக்கும்போது அத்தையின் உரிமத்தைக் கொண்டுபோய்க் காட்டி, அவர் ஓட்டலாமா என்று கேட்டுத் தெரிந்துகொண்டேன். முறையான உரிமம் இருக்கிற யார் வேண்டுமானாலும் ஓட்டலாம் என்றார்கள். இது எனக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். ஆர்.சி. புத்தகத்தைத் தவிர வண்டியைப் பற்றிய எந்தக் காகிதத்தையும் நான் அதுவரை படித்ததில்லை.

டிரைவர் இரண்டு மாதம் வராமல் இருந்து, பிறகு வரத் தொடங்கினார். நான் கூப்பிட்டு அல்ல, அத்தை கூப்பிட்டு. இப்போது ஞாயிறு காலை ஆறு மணிக்கு வந்து இடது பக்கத்து இருக்கையில் உட்கார்ந்துகொள்கிறார். அத்தை ஓட்டுகிறார். முக்கொம்பு ரோட்டில் கொஞ்ச தூரம் போய், வண்டியைத் திருப்பி, பின்னால் எடுத்து, முன்னால் எடுத்து, எட்டு மணிப் பூசைக்குள் திரும்பிவிடுகிறார்கள். நான் வீட்டில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருப்பேன். வந்ததும் இருவரும் வாசலில் நின்று எங்கே எப்படித் திருப்பினோம் என்று பேசிக்கொண்டிருப்பது கேட்கும். முன்பெல்லாம் நான் கொடுக்கும் டீயை உள்ளே வந்து உட்கார்ந்து குடிப்பார். இப்போது வாசலிலேயே நின்று, அத்தை கொண்டுபோய்க் கொடுத்தால்தான் வாங்கிக்கொள்கிறார். என்னைப் பார்த்தால் எப்போதும்போல, “வரேன் டீச்சர்” என்கிறார்.